சடவு

நானூறு அடியில் கரும்பாறை.
சுத்தியல் இறங்குகிறது, இறங்குகிறது,
கம்ப்ரசரை யாரோ நிறுத்தினாற்போல்
திடீரென்று ஒரு அமைதி.

அப்போதுதான் எண்ணத் தொடங்குவேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பதினெட்டில் ஒரு திணறல்,
ஊற்றுக்கண் உடைந்தாற்போல் வாயெல்லாம் மூச்சு.
மறுபடியும் பாறை.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுகிற அர்த்தநாரி
ஒன்பது மணிநேரம் தூங்கி எழுந்து
"ஒடம்பு சடவா இருக்குது புள்ள" என்பார்.
காப்பி ஆறுமுன்னே தலை சாயும்.
சோற்றில் கை வைத்தபடி ஒரு தரம்.
வைகுந்தம் டோல்கேட்டில் ஒரு தரம்;
பின்னால் நின்ற பஸ்காரன் ஆரன் அடித்து எழுப்பினானாம்.
சிரித்துக்கொண்டே சொன்னார்.
நான் சிரிக்கவில்லை.

கண்ணேறு என்றாள் நாத்தனார்.
"குடியக் கொறைக்கச் சொல்லு" என்றார் ஒறம்பரைக்கு வந்த ஒருவர்
(இவர் மோர் தவிர எதுவும் குடிப்பதில்லை).
"நாப்பத்தஞ்சாச்சுல்ல, அப்பிடித்தான்"
என்று சிவப்பு டானிக்கை நீட்டினான் மருந்துக்கடைப் பையன்.
சர்க்கரை பார்த்தோம், இல்லை.
தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு
பஞ்சை அழுத்தியபடி நின்றுகொண்டே தூங்கினார்.
அதுவும் இல்லை.
ரிப்போர்ட் சுத்தமென்றால்
மனுசன் சோம்பேறி என்று அர்த்தமா?

ஈரோட்டு டாக்டரம்மா முதலில் என்னைத்தான் கேட்டார்.
"கொறட்டை நடுவுல நிக்குதுங்களா?"
"நிக்குதுங்."
"எவ்வளவு நேரம்?"
"பதினெட்டு. சில நாள் இருவத்தாறு.
போன அமாவாசைக்கு முப்பத்தொண்ணுங்."
பேனா நின்றது.

தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது,
மூச்சுக்காக மூளை உலுக்கி உலுக்கி எழுப்புகிறது,
எழுந்ததே இவருக்குத் தெரியாது.
விடிய விடிய ஒருத்தர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தால்
அது தூக்கமா என்றார்.
ஒரு ராத்திரி ஒயர் மாட்டிப் படுக்க வைத்துப் பார்க்கணும்.
அதுவரைக்கும் ஸ்டியரிங் தொடக்கூடாது.
"அப்பப் பொழப்பு?"
அதற்கு அவரிடம் சீட்டு இல்லை.

எழுந்தோம்.
"நீங்க உக்காருங்க" என்றார் என்னை.
கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்து
"பச்சரிசி திங்கறீங்களா?"

யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.
முந்தானை முடிச்சில், தறியடியில்,
இழை அறுந்து தறி நிற்கிற நேரத்தில்
ஒரு கை, இன்னொரு கை.
ரேசன் அரிசிதான், கல்லோடு.
மாசத்தில் பத்து நாள் துணி மாற்றுவதைக் கேட்டார், சொன்னேன்.
மாடிப்படியில் நெஞ்சு தறியாய் அடிப்பதைச் சொன்னேன்.
"இவரு கொறட்டையில தூக்கம் கெட்டுத்தான்
எனக்குச் சடவுன்னு இருந்துட்டனுங்."
இவர் திரும்பிப் பார்த்தார்,
பதினாறு வருசத்தில் அப்படி முழித்திருந்து பார்த்ததில்லை.

ஆறு புள்ளி எட்டு என்றது சாயங்காலம் என் ரத்தம்.

இப்போது இவர் முகத்தில் ரப்பர் மூடி,
தலைமாட்டில் கடனுக்கு வாங்கிய மிசின்.
பாறை இல்லை, சுத்தியல் இல்லை,
சைக்கிள் டியூபில் ஊசி ஏறினாற்போல் மெல்லிய காற்று.
பழக்கம் விடுமா, எண்ணுகிறேன்.
மூன்றைத் தாண்ட விடுவதில்லை அது.

வண்டிக்கு இன்னும் போகவில்லை.
ரிக் ஆபீசில் கணக்கு எழுதுகிறார், பாதிச் சம்பளம்.
ஒன்பது மணிக்குத் தறிச்சத்தத்துக்கு மேல் போனில் கத்துகிறார்:
"மாத்தரை போட்டியா?
டீயோட போடாத, நெல்லிக்காயோட போடு!"
எனக்கு ஊசி வேறு; ஸ்கேன் அடுத்த வெள்ளிக்கிழமை.

அரிசி டப்பாவை அட்டாலிமேல் ஏற்றிவிட்டார்.
ஸ்டூல் இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.
நேற்று எடுத்துப் போட்டேன்.
ஏறவில்லை.
மனசு திருந்தியெல்லாம் இல்லை,
இன்னும் மூச்சு வாங்குகிறது.