வயிற்றுவார்

அம்மாவுக்கு இன்னும் நிற்கவில்லை.
எனக்கு முப்பதிலேயே நின்றுவிட்டது.
மார்கழி அடைமழை இரவில்
சட்டை ஒட்ட வேர்த்து எழும்பியிருந்தேன்.
காய்ச்சலாக்கும் என்று தவநேசன் நெற்றியைத் தொட்டார்.
நெற்றி குளிர்ந்து கிடந்தது.

கொழும்பில்
திரையில் இரண்டு சாம்பல் நிழலைக் காட்டி
"ரிசேர்வ் இல்லை" என்றார் டொக்டர்,
மோட்டார் சைக்கிளுக்குச் சொல்வதுபோல.
கருப்பைக்கு ஒரு குறையுமில்லையாம்.
இன்னொருத்தியின் முட்டை வாங்கலாமாம்.
பெயர் தரமாட்டார்கள். ஒரு தாள் தந்தார்கள்:
ஓ பொசிட்டிவ், ஐந்தடி இரண்டு, வயது இருபத்தாறு,
கண்ணாடி போடுவதில்லை.

எனக்கு வெறும் குளிசைகள்.
ஊசியெல்லாம் அவளுக்கு.
களுவாஞ்சிகுடி நைட் பஸ்ஸில்
வெலிக்கந்தை தாண்டும்வரை யோசித்தேன்:
என்ன கடனோ அவளுக்கு,
கோபம் வந்தால் எந்த மொழியில் ஏசுவாளோ.

இங்கே குடி தாய் வழி.
பள்ளிக்கூடத்துக்குத் தகப்பன் பெயர்,
அம்மன் கோயிலுக்குத் தாயின் குடி.
சடங்கில் ஐந்தாம் நாள் எங்களுக்கு.

"மறுகா, அந்தப் பிள்ளை என்ன குடிகா?"
மாமி கேட்டா, தேங்காய் திருவத் திருவ.
குத்தலாக அல்ல,
உண்மையாகவே தெரியாமல்.
எனக்கும் தெரியவில்லை.
பாதித் தேங்காயை வாங்கி
நானும் திருவினேன்.

மூன்றாம் நாள், வேலையில்,
யாருடையதோ உறுதியைப் பதியும்போது
அந்தச் சொல் வந்து நின்றது.
தாய்வழிக்கு எங்கள் ஆட்கள்
முட்டையைச் சொல்லவில்லை, இரத்தத்தைச் சொல்லவில்லை.
வயிற்றுவார் என்றார்கள்.

சொல்லில் வென்றுவிட்டேன், சரி.
எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லாத மூக்கோடு
அது வந்து என்னைப் பார்க்கும் நாளில்
இந்தச் சொல் எவ்வளவு தூரம் வரும்?
மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

வைத்து ஒன்பது நாள்.
பதினான்காம் நாள் இரத்தம் எடுப்பார்கள்.
பட்டிருப்புப் பாலத்தில்
பள்ளம் பார்த்துப் பார்த்து ஸ்கூட்டி ஓட்டுகிறேன்,
பின்னால் லொறி ஹோர்ன் அடித்துத் தீர்க்கிறது.
அடிக்கட்டும்.

எந்த ஊரிலோ அவளுக்கு
இந்நேரம் தீட்டு வந்திருக்கும்.
'ச்சே, இன்றைக்குப் பார்த்தா' என்று சலித்திருப்பாள்.

இரண்டு வருசமாய்
வா வா என்று நான் கெஞ்சிய அதே இரத்தம்.
இப்போது, பாலம் முடியும்வரை,
வராதே என்கிறேன்.