நடுநாள்

மூன்று நாள் பயணத்தில்
நடுநாளை நான்தான் கேட்டு வாங்கினேன்.
குணாளன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.
"ஒரு நாள் வாடகை எவ்வளவு தெரியுமா?
சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"
சும்மா இருக்கத்தான் என்றேன்.
கிளினிக் கவுண்டரில் பதினோரு வருஷம்
மற்றவர் பெயர்களைக் கூப்பிட்டவள் நான்.
என் பெயரை யாரும் கூப்பிடாத ஒரு நாள்,
அவ்வளவுதான்.

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த நோட்டில்
ஒரு தாள் கிழித்துத் திட்டம் எழுதினேன்.
எட்டு மணி: ஒன்றுமில்லை.
பத்து மணி: ஒன்றுமில்லை.
பன்னிரண்டு: சாப்பாடு, யாரோ சமைத்தது.
மூன்று: மழை வந்தால் மழை.

மலிவு என்பதால் லாயாங் லாயாங்கில் வீடு.
பட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு
தரையோடு தரையாகக் கிடக்கிற ஊர்.
ஒரு வரிசைக் கடைகள், ஒரு ரயில் தடம்,
எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை.
குலை ஏற்றிய லாரி போனால்
காப்பிக் கடையே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கிறது.

முதல் நாள் பூங்காவில்
நாற்பது நிமிஷ வரிசையின் முடிவில்
மரத்தில் செய்த கிளியொன்று
சிறகை நீட்டிக்கொண்டு நின்றது.
தர்வினின் தலை அதன் கீழே
உரசாமல் போய்விட்டது.
இரண்டு சென்டிமீட்டர்.
"அடுத்த வருஷம் வா, அடேக்" என்றான் சீருடைக்காரன்.
அவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.
யஷ்மிதா மட்டும் ஏறி, கத்தி, இறங்கி வந்தாள்;
தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு
வாய்க்கு வந்த அறிவியலைச் சொன்னாள்:
"தூங்கினா வளரலாம்டா."

நடுநாள் என் கையைவிட்டுப் போனது அப்படித்தான்.

எட்டு மணிக்கு என்னை எழுப்பி,
"அம்மா, நான் நல்லாத் தூங்கினேனா?" என்றான்.
ஒன்பதுக்குக் கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு.
பத்துக்கு இன்னொன்று, அதே இடத்தில்.
நடுவில் இரண்டு அவித்த முட்டை,
மூன்று குவளை மைலோ,
பஸ் நிறுத்தத்துக் கம்பியில் தொங்கல்.
அவனை இறக்கிவிடப் போன குணாளனும்
கொஞ்ச நேரம் தொங்கினார்.

பன்னிரண்டுக்கு, ஈரத் துணிகளோடு டோபிக்கு.
கண்ணாடிக்குள் என் நீலச் சுரிதார்
அவன் டைனோசர் சட்டையைக் கட்டிக்கொண்டு
மேலே ஏறி, ஒரு கணம் நின்று, விழுந்தது.
மறுபடி ஏறி, நின்று, விழுந்தது.
நாலு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில்
வரிசையாய் உட்கார்ந்து பார்த்தோம்.
"இதுக்கு எவ்ளோ உயரம் வேணும்?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
குணாளன் எழுந்துபோய்
இன்னும் ஐந்து ரிங்கிட்டுக்குக் காசு மாற்றி வந்தார்.
துணி அதற்குள் சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மழை வந்தது.
திட்டப்படி நடந்தது அது ஒன்றுதான்.
தகரக் கூரை இரைச்சலில் எல்லாரும் தூங்கிப்போனார்கள்,
வளர்வதற்காக ஒருவன், மற்றவர்கள் சும்மா.
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
கிடைத்துவிட்ட அந்த ஒரு மணி நேரத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
கதவு நிலைக் கோடுகளை எண்ணினேன். ஏழு.
ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து
ஒரே கோடாகத் தடித்திருந்தன.
அழிக்க வேண்டும், வீட்டுக்காரரிடம்
ஐம்பது ரிங்கிட் முன்பணம் இருக்கிறது.
சாயங்காலம் அழிக்கலாம்.

மறுநாள் விடியலில்
சப்பாத்துகளை எடுத்துக் கொடுக்கும்போது
உள்ளே ஏதோ தடுக்கியது.
இரண்டாய்க் கிழித்து, எட்டாய் மடித்து,
இடதிலும் வலதிலும் என் திட்டம்.
குணாளன் வெளியே காடியின் டயரை
ரொம்ப அக்கறையாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
என் கையெழுத்து.
இத்தனை மடிப்புக்குப் பிறகும்
அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது.
எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தர்வின் அதற்குள் பின் இருக்கையில்
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்,
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி.