காலி எடை

அலாரம் ஐந்தே காலுக்கு.
ஆறேகால் வரை அது வேறு யாருக்கோ அடிக்கிறது.
பிறகு ஒரு கால். பிறகு இன்னொன்று.
பல் துலக்குவதைப் பாதியில் விட்டு
வாளி நிரம்பி வழிவதைப் பார்த்து நின்றதும்
கணக்கில் சேரும் என்றார் ஐந்துரோடு டாக்டர்.
எந்தக் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.

அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸில்
ஜன்னலோரம் கிடைத்தால் சேர்வராயன் தெரியும்.
மேகம் இறங்கிய நாளில்
மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை.
அதனிடம் யாரும் லீவ் லெட்டர் கேட்பதில்லை.

சேகோ ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
உடனே உவமைக்குத் தாவ வேண்டாம்.
பாரம், சுமை, கனம் எல்லாம்
நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.
குச்சிக்கிழங்கு லாரி ஏறும்.
எண் நடுங்கும், நிற்கும்.
பொத்தானை அழுத்துவேன்.
இறக்கிவிட்டு மறுபடி வரும், காலி எடைக்கு.
கழித்தால் கிழங்கு.
இவ்வளவுதான்.

நாள் நாளாக எடுத்தால் முடியவில்லை.
லாரி லாரியாக எடுத்தால் முடிகிறது.
ஏழாவதுக்குப் பிறகு டீ.
பன்னிரண்டாவதுக்குப் பிறகு
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நிமிடம்.
அழுவதற்கு என்று நினைக்காதீர்கள்.
அழுகை வந்தால் அது நல்ல நாள்.

கணக்குப் பிரிவு பெனாசிருக்குத் தெரியும்.
மாசியில் ஒருநாள் சிட்டையில்
17,340-ஐ 13,740 என்று எழுதிவிட்டேன்.
"ஏழுக்கும் மூணுக்கும் என்னைக்குமே ஆகாது" என்று
திருத்தினாள்.
அன்றிலிருந்து தினமும் சாயங்காலம்
என் சிட்டையை இன்னொரு தடவை பார்க்கிறாள்.
ஒன்றும் கேட்பதில்லை.
தட்டுவடை செட் இரண்டு வாங்குகிறாள்.
என்னுடையதையும் பெரும்பாலும் அவளே தின்கிறாள்.

"முகத்த கொஞ்சம் சிரிச்சாப்ல வச்சுக்கம்மா"
என்றார் முதலாளி.
அன்று பதினாறு லாரி, பதினாறு சிரிப்பு.
ரசீது போடவில்லை.

ஆளில்லாத நேரத்தில்
நானே மேடையேறி நின்றிருக்கிறேன்.
ஐம்பது என்றது.
பத்துக்குக் கீழே இருப்பது
அதன் கண்ணில் படாது.
நான் தலை வாரியது, அம்மாவின் போனை எடுத்தது,
எல்லாம் பத்துக்குக் கீழே.

நேற்று தம்மம்பட்டி வண்டி
கிழங்கை இறக்கிவிட்டு வந்து நின்றது.
4,910.
போன வாரம் 4,860. அதற்கு முந்தைய வாரமும்.
இரண்டு நாளாகச் சோறு இறங்காதவள்,
வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல்
பூட்டாமல் வந்தவள்,
ஐம்பது கிலோவைப் பிடித்துவிட்டாள்.
விட்டிருந்தால் யாரோ ஒரு காட்டுக்காரருக்கு
அவ்வளவு கிழங்கு போயிருக்கும்.

இறங்கிப் போனேன். வெயில், திப்பி நாற்றம்.
டிரைவர் சடையப்பன் டீக்கடையில்.
சீட்டுக்குப் பின்னால் பலகையில்
வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான் கிளீனர்.
பாரத்தோடு வந்தபோது
கீழே நின்று கை காட்டியவன்.

பின்னால் மூன்று வண்டி, மூன்று ஹாரன்.
எழுப்பத்தான் கையைத் தூக்கினேன்.
அவன் உள்ளங்காலில் செம்மண்
காய்ந்து வெடித்திருந்தது.

"மிஷின் நிக்கலீங்க, அஞ்சு நிமிசம்!"
என் குரல் இவ்வளவு பெரிதென்று
எனக்கே மறந்திருந்தது.

ஐந்து பன்னிரண்டு ஆனது.
அவன் தூங்கினான்.
நான் படியில் ஏறி, கதவோரம் நின்றேன்.
மானிட்டர் எங்கள் இருவரையும் சேர்த்து
ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.
போய்ப் பார்க்கவில்லை.

பிறகு எழுப்பினேன்.
இறங்கி நின்று கொட்டாவி விட்டான்.
4,860.
பொத்தான். ரசீது. அடுத்த வண்டி.

ராத்திரி மாத்திரைக்குப் பின் நாக்கு வறளும்.
மொட்டைமாடியில் நின்றால்
ஏற்காடு வண்டிகளின் வெளிச்சம்
திரும்பித் திரும்பி ஏறுவது தெரியும்.
சிலது நடுவில் அணையும்.
வளைவுதான்.

அலாரத்தை ஐந்தே முக்காலுக்கு மாற்றினேன்.
பெனாசிரிடம் சொல்ல வேண்டும்,
சாவி கிடைத்துவிட்டது,
பிரஷ் வைக்கும் டப்பாவில்.