இலையின் மேல் இலை

கண்டனூர் ரோட்டில் எங்கள் மில்லுக்குக் கிழக்கே
வெள்ளைக்கண்ணுவின் இருபத்தாறு எலுமிச்சை.
நடுவில் ஒரு நார்த்தை, கணக்கில் சேராதது.
பாய்லருக்கு உமி தள்ளுகிறவன் நான்.
இரவு ஷிப்ட்.
நான் தள்ளுவது விடிவதற்குள்
அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

காலையில் அவள் மரம் துடைப்பாள்.
பழைய பாவாடைத் துணி, ஒரு வாளித் தண்ணீர்.
இலை மூச்சு விடுவது வயிற்றுப் பக்கம்தானாம்.
ஆனாலும் வெயில் வாங்குவது முதுகுதானே என்பாள்.
ஏழாவது மரத்துக்கு வரும்போது
முதல் மரம் மறுபடி நரைத்திருக்கும்.

பூ வராமல் இல்லை. வரும்.
பிஞ்சு கோலிக்குண்டு அளவில் நின்று
காம்போடு உதிரும்.
தப்பியது தோல் தடித்து,
பிழிந்தால் கரண்டி நனையாது.
காரைக்குடிச் சந்தையில் பீர்முகமது
ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:
"காய்க்கு அம்மை போட்டிருக்கா, தாயி?"
நூற்றுக்கு விலை சொல்லவில்லை.
கூடைக்குச் சொன்னார்.

அதிகாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
திங்கள் இரவே எங்களுக்கு லீவு.
புகைபோக்கி வாய் பொத்தி நின்றது.
முதலாளி வாசலில் அவர் கையில்
எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்து வணங்கினார்,
மரியாதைக்கு.
மதுரையிலிருந்து வாங்கி வந்த பழம்.
மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள்.

வேலை இல்லாததால் வேலியோரம் போய் நின்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
துணி எட்டாத ஒரு கிளையைத் தாழ்த்தி
மேல் இலையை விலக்கிக் காட்டினாள்.
அடியிலிருந்த இலையில், சாம்பலுக்கு நடுவே,
மேல் இலையின் உருவம் அப்படியே, பச்சையாக.
நுனி, விளிம்பு, எல்லாம்.
பூச்சி கடித்த ஓட்டைக்கு நேராக மட்டும்
ஒரு சாம்பல் பொட்டு.

"உங்க வீட்ல ஊறுகாய் இருக்கா?" என்றாள்.
இருக்கிறது. போன மாசியில் அவள் கொடுத்ததுதான்.
பல்லில் நறநறக்கும்.
உப்புக்கல் என்று சொல்லிக்கொண்டு
தின்கிறோம், நானும் பிள்ளைகளும்.

புதன் இரவு எட்டு மணி.
உமி நன்றாகக் காய்ந்திருந்தது,
சட்டென்று பிடித்துக்கொண்டது.
வெளியே எட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

மேல்காற்று.

மண்வெட்டியை எடுத்தேன்.