இடதுகைப் பள்ளம்

காலை ஒன்பதுக்கே கரண்டு போய்விட்டது.
மாதாந்திரப் பராமரிப்பு:
அவனியாபுரம், வில்லாபுரம், சுற்றியுள்ள தெருக்கள்,
மாலை ஐந்து வரை.

சாணை மெஷின் நின்றது நின்றபடி.
முக்கால் இஞ்சு உளியின் வாயில்
நெல்லின் மூக்களவு பொக்கை.
கீழவாசலில் இடித்த வீட்டுத் தேக்கு.
எழுபது வருஷமாய் அதற்குள் ஒளிந்திருந்த ஆணி
நேற்று என் உளியைத்தான்
பார்க்கவேண்டுமென்று இருந்திருக்கிறது.

பரண்மேலிருந்து கல்லை இறக்கினேன்.
ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு.
ஊற்ற ஊற்றத் தண்ணீர் குடித்தது
பங்குனி வெயிலில் வந்த ஆள் மாதிரி,
நிமிர்ந்து பார்க்காமல்.

பட்டறை பிரிந்தபோது
காசிமாயனுக்கு ரம்பமேசை, எனக்குச் சாணை.
கிளாம்ப்பு ஆளுக்கு நாலு.
பெயர்ப்பலகை இருவருக்குமே வேண்டாம்,
சுவரோரம் முகம் திருப்பி நிற்கிறது இன்னும்.
கல்லை யாரும் கேட்கவில்லை.
மெஷின் இருக்கையில் கல் எதற்கு?

இப்போது உளியை வைத்துத் தள்ளினால்
வலப்பக்கமாய்ச் சரிகிறது.
கல்லின் நடுவே ஒரு குழி, என்னுடையது.
அதன் குறுக்கே இன்னொன்று,
கோணலாய், கொஞ்சம் ஆழமாய்.
காசிமாயன் இடதுகைக்காரன்.
பதினோரு வருஷம் அவன் கை போன தடம்.

சமப்படுத்திவிடலாம்.
வாசல் சிமெண்டில் மணலும் தண்ணீரும் போட்டு
அரைமணி நேரம் கல்லைத் தேய்த்தால்
இரண்டு குழியும் போய்விடும்.
மணல்கூட அள்ளி வைத்தேன்.

அப்போதுதான் வந்தான்.
பழைய கைலித்துணியில் சுற்றிய ஐந்து உளி.
"அங்கிட்டும் கரண்டு இல்ல" என்றான்,
கரண்டு மட்டும்தான் இல்லை என்பதுபோல்.
நாளைக்குத் திருமங்கலத்தில் நிலை வைக்கணுமாம்,
ஏழரைக்குள் நல்ல நேரம்.
நகர்ந்து உட்கார்ந்தேன்.

பேசவில்லை.
கணக்கில் இடித்த அந்த நாலாயிரத்தி இருநூறு
நடுவில் உட்கார்ந்திருந்தது,
அதுவும் பேசவில்லை.
சரக், சரக்.
சாம்பல்நிறச் சேறு அவன் நகக்கண்ணில் ஏறியது.
சரிவைத் தேய்த்து, புரட்டி,
முதுகைப் படுக்கவைத்துப் பிசிறு எடுத்து,
மறுபடி சரிவு.
அவன் உளி எந்தப் பக்கமும் சரியவில்லை.

ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து
வாயில் மினுக்கம் தேடினான்.
மழுங்கின இடம்தான் மினுக்கும்.
கூர் கண்ணுக்குத் தெரியாது.
கடைசியில் வலது முன்கையில் ஒரு வழிப்பு.
அந்தத் திட்டில் மட்டும் அவனுக்கு
எப்போதும் பிள்ளைத்தோல்.

ஐந்தும் முடிந்ததும்
என் முக்கால் இஞ்சைக் கேட்காமல் எடுத்தான்.
அந்தப் பொக்கை போவதற்கு
சுற்றியுள்ள நல்ல எஃகும் சேர்ந்து போகணும்.
பாதிவரை தேய்த்தான்,
துடைத்தான், நீட்டினான்.
மீதி உன் பாடு.

"கல்ல மட்டம் பண்ணிடு,"
மணலைப் பார்த்தபடியே சொன்னான்.
"உன் உளி கோணுது."
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

மீதியைத் தேய்த்தேன்,
கல்லின் விளிம்பில்,
இரண்டு பேர் கையும் போகாத
விரற்கடை அகலத்தில்.
அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும்.

சொன்ன நேரத்துக்கு முன்பே, நாலு இருபதுக்கு,
அணைக்க மறந்த சாணை மெஷின்
யாரும் இல்லாமல் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
எழுந்துபோய் நிறுத்தினேன்.