பத்தி பதினொன்று

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஒரு காற்புள்ளியில் வந்து நின்றது பேச்சு.

நீள்மேசையின் அந்தப்பக்கம் நண்பர்கள்,
குடிதண்ணீரையும் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தவர்கள்.
இந்தப்பக்கம் நம்மவர்கள்.
முனையில் கணினியும் நானும்.
முப்பத்தோராவது வருடமாக
இந்த அமைச்சகத்தின் சொற்களை அடித்துத் தருகிறேன்.
காலையில் அவர்களுடைய நாய்
என் டிபன் டப்பாவை இரண்டு முறை முகர்ந்துவிட்டு
எலுமிச்சைச் சாதத்துக்கு அனுமதி வழங்கியது.

கூட்டறிக்கை, பத்தி பதினொன்று: பயங்கரவாதம்.
‘எல்லா வடிவங்களிலும்’ என்று எழுதலாம் என்கிறார்கள்.
அண்டை நாட்டின் பெயரைப் போடுங்கள் என்கிறோம்.
பெயர் எதற்கு என்று புன்னகைக்கிறார்
ஈரம் காயாமல் தலைவாரிய அவர்களின் இளைஞர்.
அந்த நாட்டுக்கும் விமானம் விற்பவர்கள்.
அது எங்களுக்குத் தெரியும்;
எங்களுக்குத் தெரியுமென்று அவர்களுக்கும்.
அதனால் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது பெயர்,
விசாரணைக் கைதி மாதிரி,
தண்டனையும் இல்லை விடுதலையும் இல்லை.

எனக்கும் அந்தப் பெயர் வேண்டும்.
கீழ்வீட்டுத் திருமதி சச்தேவாவின் மகள்
தீபாவளிக்கு வளையல் வாங்கப் போன சந்தையிலிருந்து
ஒற்றைச் செருப்பாகத்தான் திரும்பி வந்தாள்.

நண்பர்கள் ஏற்கெனவே ஒன்று தந்திருக்கிறார்கள்:
ஒரு பட்டியல்.
தகவல் பகிர்வு என்று அதற்குப் பெயர்.
கண்காணிக்க வேண்டியவர்கள், இரண்டாயிரத்துச் சொச்சம்.
போன மாதம் அதை நம் படிவத்துக்கு மாற்றியவள் நான்தான்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு ஷாநவாஸ் மன்சூரி.
வயது இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை.
ஒரே ஒரு எழுத்து கூடுதல்.
என் விரல் அங்கே சற்றுத் தயங்கியது.
பிறகு அடுத்த வரிக்குப் போனது.

எங்கள் மாடிக்குத் தேநீர் கொண்டுவருபவர்
ஷாநவாஸ் மன்சூரி.
யாருக்குச் சர்க்கரை ஆகாது,
யார் வீட்டில் நேற்றுச் சண்டை,
பத்தொன்பது வருடமாய் அவருக்குத் தெரியாதது இல்லை.
இரகசிய முத்திரைக்கு மேல் அவர் வைத்த கோப்பைகள்
வட்ட வட்டமாய்க் கறை பதித்திருக்கின்றன.
வைத்ததெல்லாம் கோப்பை;
படித்ததில்லை ஒரு கோப்பையும்.

விருந்தாளி வரும் வாரம்
அவருடைய பாஸுக்கு வாசல் சிவந்தது.
‘சரிபார்ப்பு நிலுவையில்.’
கெட்டிலோடு கேட்டருகே நின்றாராம்,
டீ ஆறும்வரை.

என் பெயர் செண்பகவடிவு.
ரேஷன் கார்டில் சம்பகா,
சம்பளச் சீட்டில் ஷண்பக்,
வைப்பு நிதியில் எஸ். வாடிவூ.
ஏழு விதமாய் என்னை எழுதியிருக்கிறது டில்லி.
எனக்காக ஒரு வாசலும் சிவந்ததில்லை.

இரண்டு மணிக்கு உடன்பாடு.
பெயர் போயிற்று, காற்புள்ளி தங்கிற்று.
பதிலுக்கு ஒரு கூட்டுப் பயிற்சி,
ஆண்டுக்கு இருமுறை கூடும் ஒரு பணிக்குழு,
‘தோளோடு தோள் நின்று’ என்றொரு தொடர்.
தோள்களின் உயரம் பற்றி
அறிக்கையில் ஒன்றும் இல்லை.
அடைப்புக்குறியை அழிக்கச் சொன்னார்கள்.
ஒரு விசைதான். சச்தேவா வீட்டுச் செருப்பை நினைத்தேன்.
அழுத்தினேன்.
எல்லோரும் கைகுலுக்கினார்கள்.
இயந்திரத்திலிருந்து தேநீர் வந்தது, அட்டை வாசனையோடு.

விடிகாலை, பேருந்து நிறுத்தம்.
விளக்குக் கம்பங்களில் ஏணி சாய்த்து
கொடிகளை அவிழ்க்கிறார்கள்.
ஒரே சாக்கில் போகின்றன இரண்டும்.
போன் அடிக்கிறது. தொழுகை முடித்திருப்பார்.

“மேமான் போயாச்சா, மேடம்?”

“போயாச்சு.”

“அப்ப நான் திங்கக்கிழமை வரலாமா?”

பேருந்து வந்து நின்றது.
இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லி
இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.