இரண்டு வட்டம்

மாங்காய் அடிக்கக் கல் வேண்டுமென்றால்
தண்டவாளத்துக்குத்தான் ஓட வேண்டும்
எங்கள் நன்னிலத்துப் பிள்ளைகள்.
மண்வெட்டி எத்தனை ஆழம் இறங்கினாலும்
ணங்கென்று ஒரு சத்தம் வராத பூமி.
வண்டலுக்குக் கீழே வண்டல்,
அதற்குக் கீழே மணல்,
அதற்கும் கீழே உப்புத் தண்ணீர்.

கல் எங்களுக்கு
லாரியில் வருகிற விருந்தாளி.
அடுப்படி மேடைக்குக் கிருஷ்ணகிரிக் கறுப்பு.
கொல்லைப்புறத்துக்குக் கடப்பா.
கூடத்துக்கு வெள்ளைப் பளிங்கு,
ராஜஸ்தானிலிருந்து
வைக்கோல் அணைத்து, நின்றபடியே வந்தது.
இரண்டு வருஷ ஓவர்டைம் அது, பார்த்து நட
என்றார் தோஹாவிலிருந்து குணசீலன்.

புதுமனை புகுந்த அன்று
ஊர்க் கண் பட்டுவிடக் கூடாதென்று
நாத்தனார் எலுமிச்சம்பழத்தை அறுத்துக்
குங்குமம் தடவி
வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்று
இந்தப் பக்கம் ஒன்று வைத்தாள்.
போகிற வருகிற கால் பட்டு
இரண்டும் கவிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை.
பந்தியில் பாயசம் போதவில்லை என்று
சண்டை நடந்துகொண்டிருந்தது.

விடிந்து எடுத்தேன்.
இரண்டு வட்டம்.
நடுவில் சிவப்பு, சுற்றிலும் மங்கல்.
கண்ணேதான்.

சோடா உப்பைக் குழைத்துப் பற்றுப் போட்டேன்,
கட்டிக்குப் போடுவோமே அப்படி.
மேலே பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் டேப்.
ஒரு ராத்திரியில் சிவப்பு
பற்றுக்குள் ஏறி வந்துவிட்டது.
மங்கல் வரவில்லை.

விளக்குக்குத் தேய்க்கிற புளியால் தேய்
என்றாள் எதிர்வீட்டுக் கமலவேணி.
பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு போதும்
என்றது கடைக்காரப் பையன்.
சந்தேகப்பட்டுக் கதவுக்குப் பின்னால்
ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
கல் கொதித்தது.
ஆமாம், பச்சைத் தண்ணீர் மாதிரி கிடந்த கல்
சுர்ரென்று நுரைத்தது.
இப்போது மூன்று.

வெள்ளிக்கிழமை வீடியோவில்
தரையைக் காட்டு என்பார்.
ஒரு வட்டத்தின் மேல் நான் நிற்பேன்.
இன்னொன்றின் மேல் தண்ணீர்க் கேன்.
கேன் ஏன் வாசல்ல?
லைன்மேன் தண்ணி கேட்டாருங்க.
ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?

ஜெகபர் வந்தார், கூத்தாநல்லூர்க்காரர்,
டிவிஎஸ் ஐம்பதில் மெஷினைக் கட்டிக்கொண்டு.
உட்கார்ந்து, பிறகு குப்புறப் படுத்து,
கன்னத்தைத் தரையில் வைத்து
வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார்.
கறைன்னா தொடச்சா போவும்மா.
இது கறையில்ல. பழம் கல்லைத் தின்னிருக்கு.
பளிங்கும் கிளிஞ்சலும் ஒரே வம்சம்,
ரெண்டுக்கும் புளிப்பு ஆகாது.

கிளிஞ்சலா என்றேன்.
கடலடிச் சேறும்மா, இறுகிப்போன சேறு என்றார்,
நானூறாம் நம்பர் தட்டைப் பூட்டிக்கொண்டே.
அப்படியானால் இதுவும் வண்டல்தானே.
சொல்லிப் பார்க்க நினைத்தேன்.
மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

நானூறு, எண்ணூறு, மூவாயிரம்.
பால் மாதிரி வழிந்தது.
வழித்துத் துடைத்ததும்
வலப்பக்கத்து வட்டம் இருந்த இடத்தில்
டியூப்லைட் தெரிந்தது, நேர்க்கோடாக.
உடனே கரண்ட் போயிற்று.
நாலு மணி வரை இருந்தார், இரண்டு டீ.
செவ்வாய்க்கிழமை வர்றேம்மா.
எந்தச் செவ்வாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.
ஐப்பசி பிடித்துக்கொண்டது.

இப்போதெல்லாம்
செருப்பு படிக்கு வெளியே நிற்கிறது.
ஆற்று மணல் ஒரு பொட்டு போதும்,
கீறிவிடும்.
வெறும் தண்ணீர், பழைய வேட்டித் துணி.
ஈரம் தானாகக் காய விடுவதில்லை.
எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால்
உப்புப் பூக்கும்.
ரசம் சிந்தினால்
சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை
கேனைத் தள்ளிவிட்டேன்.
போனைத் தரைக்கு அருகில் கொண்டுபோனேன்.
மழைக்கு நெட் திக்கித் திக்கி
படம் கட்டம் கட்டமாக நின்றது.
பளபளன்னு இருக்கே, என்றார்.

அப்புறம் குரலும் போய்விட்டது.
குனிந்தது குனிந்தபடி
துணியை எடுத்து
அந்த ஒரு கண்ணையும்
ஈரம் போகத் துடைத்தேன்.